மேசைப் போர் விளையாட்டுக்கு டாங்கி மாதிரிகள்: ஒட்டுவது முதல் தளம் அமைப்பது வரை

வரலாற்றுப் போர்களை மேசைமேல் ஆடுவோருக்கு ஒரு டாங்கி மாதிரி என்பது ஒரே மாலையில் நாற்பது ஐம்பது முறை விரல்களால் எடுத்து நகர்த்தப்படும் காய். கண்ணாடி அலமாரியில் நிற்கப்போகும் மாதிரிக்குச் சொல்லப்படும் வழிமுறைகளில் சில இதற்குப் பொருந்தாது. அதற்கு மேல், ஆண்டில் இரண்டு பருவமழையும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஈரக்காற்றுக்காக இன்னும் சில படிகளை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாகர்கோவிலில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து முதன்முறையாக ஒட்டிப் பழகியவர்களைக் கவனித்ததில், அவர்கள் செய்த பிழைகளில் பெரும்பாலானவை கைத்திறன் போதாமையால் வந்தவையல்ல என்பது தெரிந்தது. ஒரு படியை அதற்குரிய இடத்துக்கு முன்னதாகவோ பின்னதாகவோ செய்ததும், முந்தைய பூச்சு காய்வதற்குள் அடுத்ததைத் தொடங்கியதுமே காரணம். ஆகவே இங்கே வரிசைக்கும் காயும் நேரத்துக்கும் அதிக இடம் தருகிறேன். எடுத்துக்காட்டாக 1971 டிசம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நடந்த பசந்தர் போருக்கான மூன்று செஞ்சுரியன் (இந்தியத் தரப்பு), மூன்று பாட்டன் (பாகிஸ்தான் தரப்பு) டாங்கிகளை எடுத்துக்கொள்வோம்.

1. போரையும் அளவையும் முதலில் முடிவு செய்தல்

பெட்டியை வாங்கிய பிறகு போரைத் தேடுவது புதியவர்களின் வழக்கம். அப்படிச் செய்தால் ஒரே மேசையில் நிற்க முடியாத வண்டிகள் வீட்டில் சேரும். எந்தப் போர், எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டால் வண்டியின் வகை, நிறம், காய் நிற்கும் தளத்தின் மண் ஆகிய மூன்றும் அதிலிருந்தே தீர்மானமாகிவிடும்.

அடுத்தது அளவு. செஞ்சுரியனின் உடல் நீளம், பீரங்கிக் குழலை விடுத்து, ஏறக்குறைய 7.6 மீட்டர். அது 1/72 அளவில் பத்தரை சென்டிமீட்டராகவும், 1/76 அளவில் பத்து சென்டிமீட்டராகவும், 1/100 அளவில் ஏழரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகவும் வரும். 1/72, 1/76 இரண்டையும் கலந்து வாங்கிவிட்டு, ஒரே வகை வண்டிகள் அருகருகே நிற்கும்போது ஒன்று சிறியதாகத் தெரிகிறதே என்று வருந்தியவர்கள் உண்டு. ஒரு போருக்கு ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்குவோருக்கு 1/72 ஏற்றது: பாகங்கள் விரலில் பிடிக்கும் அளவில் இருக்கும், சாப்பாட்டு மேசை அளவுக்குள் ஒரு போரும் அடங்கும்.

2. தொடங்குமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

ஒட்டும் வேலை நடுவில் ஒரு பொருளுக்காக நின்றால், கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்கத் தோன்றும்; மாதிரிகள் பாழாவது பெரும்பாலும் அப்போதுதான். எனவே அனைத்தும் கைக்கு வந்த பிறகே பெட்டியைத் திறப்பது நல்லது.

பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டமான பிரேமிலிருந்து அவற்றை வெட்ட நிப்பர், கூர்மையான பேப்பர் கட்டர், 400 மற்றும் 800 நம்பர் வாட்டர் பேப்பர், 1 மி.மீ. பிட்டுடன் கையால் திருகும் சிறு டிரில், இடுக்கி, மூன்று தூரிகைகள் ஆகியவை தேவை. வாட்டர் பேப்பரையும் எம்-சீலையும் எந்த ஹார்டுவேர் கடையிலும் வாங்கலாம். பிளாஸ்டிக் மாதிரிகளுக்கான நீர்த்த சிமென்ட் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதைத் தபாலில் வரவழைக்க வேண்டும். அது வரும்வரை காத்திருங்கள். பி.வி.சி. குழாய்க்குப் பூசும் சொல்யூஷனை அதற்குப் பதிலாகப் பயன்படுத்தினால் அது பாலிஸ்டைரீனை அளவுக்கு மீறி உருக்கி, ரிவெட் வரிசைகளையும் கதவு விளிம்புகளையும் அழித்துவிடும். பெயின்டர்கள் பயன்படுத்தும் என்.சி. தின்னரால் மாதிரியைத் துடைப்பதும் அதே விளைவைத் தரும்.

பிளாஸ்டிக் சிமென்டையும் ஃபெவிக்விக்கையும் ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று எண்ணக் கூடாது. சிமென்ட் இரு பாகங்களின் பரப்பையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேருமிடத்தில் அதுவே உறுதி. ரெசின் (சில மாதிரிகளில் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக வரும் வார்ப்புப் பொருள்), உலோகம், சக்கரங்களைச் சுற்றி ஓடும், ரப்பர்போல் வளையும் செயின் ஆகியவற்றை அது கரைக்காது. அவற்றுக்கு ஃபெவிக்விக் வேண்டும். மழைக்காலத்தில் ஃபெவிக்விக்கின் ஆவி அருகிலுள்ள பரப்பில் வெள்ளைப் படலமாகப் படியும். ஓர் ஈர்க்கில் நுனியில் ஒரு துளியை மட்டும் தொட்டு வைத்து, மின்விசிறிக் காற்று மெல்லப் படும்படி விட்டால் இது குறையும்.

3. கழுவுதலும் வெட்டுதலும்

பாகங்கள் அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகப் பூசப்பட்ட வழுக்குப்பொருள் பரப்பில் ஒட்டியிருக்கக்கூடும். ரெசினில் இது அதிகம். பிரேமோடு சேர்த்தே பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த நீரில் மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, ஒரு நாள் காயவிடுங்கள். இதைத் தவிர்த்தால் அன்று ஒன்றும் தெரியாது. பல ஆட்டங்களுக்குப் பிறகு விரல் படும் இடத்தில் வண்ணம் தோலாக உரியும்.

வெட்டும்போது நிப்பரைப் பாகத்தோடு ஒட்டி வைக்காமல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவுங்கள். ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும். பாகத்தின் நடுவே ஓடும் மெல்லிய அச்சுக்கோட்டையும் இப்போதே கத்தி முதுகால் சுரண்டிவிட வேண்டும், ஏனெனில் வண்ணத்துக்கு முன் பூசும் பிரைமருக்குப் பின் அந்தக் கோடு இரண்டு மடங்காகத் தெரியும். ரெசினை ராவினால் வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு. அதை நனைத்தே தேய்க்க வேண்டும், முகக்கவசமும் அணிய வேண்டும்.

வளைந்து வந்த ரெசின் குழலை வெந்நீரில் அரை நிமிடம் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அந்த வடிவிலேயே நிற்கும்.

4. ஒட்டும் வரிசை

பெட்டியிலுள்ள வழிகாட்டித் தாள் அலமாரி மாதிரிக்காக எழுதப்பட்டது. அதன் எண்வரிசையை அப்படியே பின்பற்றாமல், கீழிருந்து மேலாகச் செல்லும் பின்வரும் வரிசையில் ஒட்டுவதை நான் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு பாகத்தையும் பசையின்றிப் பொருத்திப் பார்த்த பிறகே பசையைத் தொட வேண்டும்.

முதலில் உடலின் கீழ்த்தொட்டியை ஒட்டி, அது சதுரமாக நிற்கிறதா என்று ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்துப் பாருங்கள். பிறகு சக்கரங்கள். செஞ்சுரியனுக்கும் எம்-48 பாட்டனுக்கும் பக்கத்துக்கு ஆறு பெரிய சக்கரங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக ஒட்டிக் காயவிடுவது பிழை. ஒரு பக்கத்தின் ஆறையும் ஒட்டி, பசை இளகியிருக்கும்போதே வண்டியைக் கண்ணாடியின்மேல் நிறுத்தி லேசாக அழுத்தினால், எல்லாச் சக்கரங்களும் ஒரே மட்டத்தில் தரையைத் தொடும். ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும் டாங்கி மேசைமேல் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பிறகு சரிசெய்ய வழியில்லை.

அடுத்து எடை. மேல்மூடியை ஒட்டுமுன் தொட்டிக்குள் இரண்டு மூன்று இரும்பு வாஷர்களை எம்-சீலால் பதித்துவிடுங்கள். எடை உள்ள காய் கை தட்டினால் உருளாது. குளச்சல் பக்கம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் எளிதாகக் கிடைப்பதால் சிலர் அவற்றை ஃபெவிகாலில் தோய்த்து உள்ளே வைப்பதைக் கண்டிருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள். ஈயத்தைக் கையாள்வது உடலுக்குத் தீங்கு. அத்துடன், ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் மூடிக்கிடக்கும் ஈயம் நாளடைவில் வெண்பொடியாக அரித்துப் பருத்து, ஒட்டிய உடலையே பிளந்துவிடும்.

எடைக்குப் பின் செயின். செஞ்சுரியனின் பக்கவாட்டில் தொங்கும் தகடுகள் செயினின் மேலோட்டத்தை முழுவதுமாக மறைத்துவிடும். ஆகவே அங்கே உள்ள சிறு உருளைகளுக்கு வண்ணம் தீட்டுவதிலோ, செயினின் மேல்பகுதியைத் திருத்துவதிலோ நேரம் செலவிட வேண்டாம். பாட்டனில் தகடு இல்லை. அங்கே செயின் சற்றுத் தொய்ந்து உருளைகளின்மேல் படிந்திருக்க வேண்டும். விறைப்பாக நிற்கும் செயின் பொம்மையின் தோற்றத்தைத் தந்துவிடும். வளையும் செயினாக இருந்தால் நடுவே ஃபெவிக்விக் துளிகள் வைத்து ஈர்க்கிலால் அழுத்தி அந்தத் தொய்வை உண்டாக்கலாம். இவ்வகைச் செயினை ஒட்டி முடித்த பிறகே வண்ணம் பூச வேண்டும். முன்னதாகப் பூசினால் வளைக்கும்போது வண்ணம் செதிளாக உதிரும்.

செஞ்சுரியனின் பக்கத்தகடுகளை மட்டும் இப்போது ஒட்டாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள். சக்கரங்களுக்கு வண்ணம் பூசி முடித்த பின்பே அவை ஏற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒட்டி முழு டாங்கியாகப் பார்க்கும் ஆசையில் இந்தத் தகட்டை முன்கூட்டியே ஒட்டிவிட்டு, பின்னர் அதன் உட்புறத்துக்குத் தூரிகை நுழையாமல் திணறுவது நான் மிக அதிகமாகக் கண்ட பிழை.

கடைசியாக, மேலே சுழலும் டரட். இதை உடலோடு ஒட்டக் கூடாது: விளையாட்டில் குழல் எத்திசையைப் பார்க்கிறது என்பது பொருளுள்ள செய்தி. டரட் அமரும் வளையத்தை வாட்டர் பேப்பரால் நாலைந்து சுற்றுத் தேய்த்து, சற்றே தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். பிரைமர், வண்ணம், வார்னிஷ் என அடுக்குகள் ஏறிய பின் அந்த இடைவெளி தானே நிறைந்து சரியான இறுக்கத்துக்கு வரும். முதலிலேயே இறுக்கமாக இருந்தால் முடிவில் சுழலாது, சுழற்ற முயன்றால் வண்ணம் சுரண்டப்படும்.

5. கை படும் இடங்களை உறுதிப்படுத்துதல்

குழல்தான் முதலில் ஒடியும் பாகம். அது டரட்டோடு சேரும் இடத்தில் 1 மி.மீ. துளையிட்டு, ஒரு சிறு பித்தளைக் கம்பித் துண்டை உள்ளே செலுத்தி ஒட்டினால் பெரும்பாலும் ஒடியாது. குழலின் வாயையும் அதே பிட்டால் குடைந்துவிடலாம். செஞ்சுரியனின் 20 பவுண்டர் பீரங்கியின் உள்விட்டம் 84 மி.மீ.; 1/72 அளவில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல்.

ரேடியோ கம்பி, மெல்லிய கைப்பிடி, தனித்து நீட்டிக்கொண்டிருக்கும் விளக்கு ஆகியவற்றைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: விளையாட்டுக் காய்க்கு அவை வேண்டாம். எப்படியும் வேண்டுமென்பவர்கள் தேய்ந்த தூரிகையின் நைலான் இழையைக் கம்பியாக ஒட்டலாம். அது வளையும், விரலில் குத்தாது. மேல்கதவுகளை மூடிய நிலையிலேயே ஒட்டுங்கள்.

6. பிரைமர்: நாளைத் தேர்ந்தெடுத்தல்

ஒட்டிய மாதிரி ஒரு முழு நாள் காய்ந்த பிறகே பிரைமர். வண்ணம் வெறும் பிளாஸ்டிக்கைப் பற்றாது. பிரைமர்தான் அந்தப் பிடிப்பைத் தருகிறது. சாம்பல் நிற ஸ்ப்ரே பிரைமர் போதும். கறுப்பு பிரைமரின்மேல் ஆலிவ் பச்சை மிகவும் இருண்டுவிடும்.

இந்தப் படியில் நம் மாவட்டத்தின் வானிலை இரண்டு விதமாகக் குறுக்கிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயையொட்டிய ஊர்களில் மொட்டை மாடியில் ஸ்ப்ரே செய்தால், துளிகள் காற்றிலேயே காய்ந்து பொடியாக வந்து படியும். பரப்பு உப்புத்தாள்போல் சொரசொரத்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் நேர்மாறான சிக்கல்: ஈரம் பூச்சில் சிக்கி, அது வெளுத்து மூட்டமாகக் காயும், பிடிப்பும் குறையும். கடற்கரை ஊர்களில் மழை இல்லாத நாளிலும் அதிகாலையில் இதே நிலைதான்.

ஆகவே நான் பின்பற்றும் முறை இது. மழை பெய்யாத நாளில், வெயில் ஏறி ஈரம் உலர்ந்த பிறகு, காலை ஒன்பது முதல் பன்னிரண்டுக்குள், பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து அதற்குள் மாதிரியை வைத்து ஸ்ப்ரே செய்கிறேன். பெட்டியின் மூன்று சுவர்களும் காற்றைத் தடுத்துவிடும். ஆயினும் இடம் திறந்தவெளியாக இருக்க வேண்டும், முகக்கவசமும் வேண்டும். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, இருபது சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பீய்ச்சலை மாதிரிக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். இரண்டு மெல்லிய பூச்சுகள், இடையே அரைமணி நேரம். ஒரே தடித்த பூச்சு எஞ்சின் கம்பித்தட்டின் கோடுகளை நிரப்பி மூடிவிடும்.

அடுத்த நாள், நகத்தால் அடிப்புறத்தில் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். பிரைமர் வந்தால் இன்னும் ஒரு நாள் காய வேண்டும்.

7. அடிப்படை நிறம்

1971இல் இந்தியச் செஞ்சுரியன்கள் ஆலிவ் பச்சையில் இருந்தன. கேமல் அக்ரிலிக்கில் மஞ்சள் காவியோடு கறுப்பையும் சிறிது பச்சையையும் சேர்த்தால் அந்த நிறத்துக்கு மிக அருகில் வரலாம். ஒரே படையின் மூன்று வண்டிகளுக்கும் வேண்டிய அளவை ஒரே தடவையில் கலந்து, மூடியுள்ள சிறு குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வண்டிக்கு நிறம் போதாமல் மறுபடி கலந்தால் அது முந்தையதோடு ஒத்துவருவது அரிது.

சிறிய மாதிரியில் நிறம் உண்மையான வண்டியில் இருப்பதைவிட இருண்டு தெரியும். எனவே கலவையைச் சற்று வெளிறச் செய்ய வேண்டும். வெள்ளையைச் சேர்த்தால் சுண்ணாம்புத் தோற்றம் வரும். மஞ்சள் காவியையே கூட்டினால் பச்சை உயிரோடு வெளிறும்.

வண்ணத்தை நீர்விட்டுப் பால் பதத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு அல்லது மூன்று மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிவது இயல்பு. அதைக் கண்டு பதறி ஈரத்தின்மேலேயே மீண்டும் தேய்ப்பவர்களுக்குப் பூச்சு பிய்ந்து வரும். சக்கரங்களின் ரப்பர் விளிம்புக்குத் தூய கறுப்பு வேண்டாம், கருஞ்சாம்பல் போதும். சக்கரங்கள் முடிந்ததும் பக்கத்தகடுகளை ஒட்டுங்கள். ஒட்டும் விளிம்புகளில் ஏறிய வண்ணத்தை முதலில் சுரண்டிவிட வேண்டும், ஏனெனில் சிமென்ட் வண்ணத்தைத்தான் பிடிக்கும், அடியிலுள்ள பிளாஸ்டிக்கை அடையாது.

8. குறிகளும் டெக்காலும்

நீரில் ஊறவைத்து ஒட்டும் அச்சுப் படமான டெக்கால் வரும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் பூசிக் காயவிட வேண்டும். மங்கலான பரப்பு நுண்ணளவில் மேடுபள்ளமாக இருப்பதால், டெக்காலின் அடியில் காற்று சிக்கி வெள்ளியாக மின்னும். டெக்காலை அரை நிமிடம் நீரில் வைத்து, தாளிலிருந்து வழுக்கி நகர்த்தி, பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக நீரை ஒற்றி எடுங்கள். கடலோர ஊர்களின் உப்புச்சுவையுள்ள கிணற்று நீர் காய்ந்தபின் வெண்கறையை விடும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

எந்தக் குறி எந்த வண்டிக்கு என்பதிலும் கவனம் வேண்டும். பசந்தரில் 1971 டிசம்பர் 16 அன்று வீரமரணமடைந்து பரம்வீர் சக்ரா பெற்ற செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பாலின் செஞ்சுரியனுக்கு ‘பாமகுஸ்டா’ என்று பெயர். அந்தப் பெயர் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் அந்த ஒரு வண்டிக்கு உரியது. மூன்று டாங்கிகளிலும் அதையே ஒட்டுவது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மற்ற இரண்டையும் பெயரின்றி விடுங்கள்.

9. நிழலும் விளிம்பும்

அடிப்படை நிறம் மட்டும் பூசிய டாங்கி மூன்றடி தூரத்திலிருந்து ஒரு பச்சைக் கட்டியாகத்தான் தெரியும். விளையாடும்போது நாம் பார்ப்பதும் அந்தத் தூரத்திலிருந்துதான். ஆகவே பள்ளங்களை இருட்டாக்கி, விளிம்புகளை வெளிறச் செய்ய வேண்டும்.

பள்ளங்களுக்கு, ஆயில் பெயின்டில் அடர்பழுப்போடு சிறிது கறுப்பைக் கலந்து, டர்பன்டைனில் தேநீர் அளவுக்கு நீர்க்கச் செய்யுங்கள். நுண்தூரிகையால் கதவு விளிம்புகளையும் ரிவெட்டுகளையும் தொட்டால், கலவை தானே கோட்டின் வழியே ஓடும். அக்ரிலிக் வண்ணமும் டெக்காலுக்காகப் பூசிய பளபளப்பு வார்னிஷும் முழுதாகக் காய்ந்திருந்தால் டர்பன்டைன் அவற்றைக் கரைக்காது. அதற்கு ஒரு நாளாவது இடைவெளி கொடுங்கள். வழிந்து பரவிய கறையை டர்பன்டைன் தொட்ட தூரிகையால் அரைமணி கழித்துத் துடைத்துவிடலாம். வண்டி முழுவதையும் கலவையில் குளிப்பாட்டுவது வேலையை விரைவாக முடித்தாலும், தட்டையான தகடுகளில் வட்ட வட்டமாகக் கறை விழும்.

அது காய்ந்ததும், அடிப்படை நிறத்தோடு மஞ்சள் காவி சேர்த்த வெளிறிய கலவையைத் தூரிகையில் தொட்டு, பழைய துணியில் கிட்டத்தட்ட முழுவதையும் துடைத்துவிட்டு, எஞ்சிய வண்ணத்தால் விளிம்புகளை மட்டும் மெல்ல உரசுங்கள். தூரிகையை உங்கள் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்து, கோடு விழாமல் புழுதிபோல் படிந்தால் அதுவே சரியான அளவு.

10. புழுதியும் சேறும்

இந்த மாவட்டத்தில் தொடங்குவோர் அனைவரும் செய்யும் பிழை ஒன்று உண்டு: மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துச் செம்மண்ணின் நிறத்தையே டாங்கியின்மேல் பூசிவிடுகிறார்கள். கண் பழகிய மண்ணைக் கை தேடுவது இயல்புதான். ஆனால் பசந்தர் ஆறு ஓடும் ஷகர்கர் பகுதி ஆற்று வண்டல் நிலம். அங்கே புழுதி சாம்பல் கலந்த வெளிர்பழுப்பாக இருக்க வேண்டும். 1965 செப்டம்பரில் பாகிஸ்தானோடு நடந்த அசல் உத்தர் போருக்குச் செய்வதானால் புழுதியைவிடச் சேறே முதன்மை: அங்கே இந்தியப் படை கரும்பு வயல்களில் நீரைப் பாய்ச்சிவிட்டிருந்தது, பாட்டன்கள் அதில் சிக்கின.

புழுதி கீழிருந்து மேலே குறைந்துகொண்டே போக வேண்டும். செயினும் சக்கரமும் அதிகம், பக்கத்தகட்டின் கீழ்ப்பாதி அதற்கடுத்து, டரட்டின்மேல் மிகச் சிறிது. ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றினால் இந்த மாற்றம் இயல்பாக வரும். செயினுக்கு அடர்பழுப்புப் பூசி, தரையில் உரசும் விளிம்புகளில் பென்சில் முனையை உரசினால் தேய்ந்த இரும்பின் மின்னல் கிடைக்கும்.

11. வார்னிஷ்

முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு, அது காய்ந்த மறுநாள் மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு. பளபளப்பு வகை கடினமானது, விரல் தேய்வைத் தாங்கும். மங்கல் வகை தோற்றத்துக்காக. மங்கலை மட்டும் பூசியவர்களின் டாங்கிகளில் டரட்டின் இரு பக்கமும் சில மாதங்களில் வண்ணம் தேய்ந்துபோகிறது.

பிரைமருக்குச் சொன்ன வானிலை விதிகள் இங்கே இருமடங்கு பொருந்தும், ஏனெனில் இது வெளுத்தால் அதுவரை செய்த அனைத்தும் மூட்டத்துக்குள் போய்விடும். மழைநாளில் ஸ்ப்ரே வார்னிஷைத் தொடவே வேண்டாம். அவசரமென்றால் தூரிகையால் பூசும் நீர்வகை வார்னிஷ் பாதுகாப்பானது. வெளுத்துவிட்ட மாதிரியை உடனே சுரண்டாதீர்கள். நல்ல வெயில்நாளில் பளபளப்பு வார்னிஷை மெல்ல ஒருமுறை பூசினால் வெண்மை பெரும்பாலும் மறையும்.

12. தளமும் பாதுகாப்பும்

சில விளையாட்டு விதிகளில் டாங்கிக்குத் தளம் கூடாது. முதலில் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தளம் உண்டென்றால் 1/72 செஞ்சுரியனுக்கு 12 × 6 செ.மீ. போதும். அட்டை இந்த ஈரத்தில் வளையும், எம்.டி.எஃப். பலகை ஓரங்களில் ஊதும். பெயர்ப்பலகைக் கடைகளில் வெட்டி மிஞ்சும் 3 மி.மீ. சன்போர்டு எனும் நுரைப் பிளாஸ்டிக் பலகைத் துண்டுகளுக்கு இந்தக் குறை எதுவும் இல்லை.

தளத்தின்மேல் ஃபெவிகால் பூசி மணல் தூவுவதற்குக் கடல் மணல் வேண்டாம். அதிலுள்ள உப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருந்து வண்ணத்தைக் கிளப்பிவிடும். மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பும் சிவப்புமான மணல் அழகாக இருக்கும். ஆயினும் அதில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருப்பதால் வீட்டுக்கு எடுத்துவரும் பொருளல்ல. கட்டட வேலையில் மிஞ்சிய மணலில் ஒரு பிடியைத் தேயிலை வடிகட்டியில் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்துங்கள். காய்ந்த புல்லுக்குத் தென்னந்தும்பை இரண்டு மில்லிமீட்டர் நீளத்துக்கு நறுக்கிச் சிறு கொத்துகளாக நட்டால், டிசம்பர் மாதத்து வயலோரம் கிடைத்துவிடும். தளத்துக்குப் பூசும் நிறமும் டாங்கியின் புழுதி நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முடிந்த காய்களை, வார்னிஷ் ஒரு வாரம் காய்ந்த பிறகு, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் ஸ்பாஞ்சுக் குழிகள் வெட்டி வையுங்கள். முன்னதாக வைத்தால் ஸ்பாஞ்சின் தடம் பூச்சில் பதியும். மருந்துக் குப்பிகளோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டை உடன் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஸ்பாஞ்சு ஈரமாகத் தோன்றினால் அதை மட்டும் வெயிலில் காயவைத்து, டாங்கிகளை நிழலிலேயே வைத்திருங்கள்.